வசனம் இல்லாத குழந்தை

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டாசு என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் "டேய், பட்டாசு வருதுடா" என்று ஒருவன் வகுப்புக்குள் ஓடுவது என் காதில் விழாமலா இருக்கும்? தலைமையாசிரியையிடமே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டுவிட்டு வருகிறவள் நான். பரீட்சை அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, ஆள் வந்து சரிசெய்த பிறகுதான் எழுந்தேன். அப்படிப்பட்ட வாய், சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கூடவே கழன்றுவிடும். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். என் வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் கையால் மாட்டிவிட்டதுதான். அவசரமே படமாட்டார். காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று கேட்டுக் கேட்டு, கம்பியைப் பதமாகச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பார். "சார் தங்கமான மனுஷன் மிஸ், நீங்க குடுத்து வெச்சவங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்கள் சொல்வார்கள். நானும் ஆமாம் என்று சிரித்துவைப்பேன். எங்கே அடித்தால் சட்டைக் கைக்குள் மறையும் என்று அதே கைக்கு நன்றாகத் தெரியும். முகத்தில் ஒருநாளும் அடித்ததில்லை. ஆசிரியை அல்லவா, நாலு பேர் பார்க்கிற முகம்.

எங்களுக்கு ஒரே மகள். என் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள், அந்த வருஷம் என் வகுப்பிலேயே வந்து விழுந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் நான் அவளுக்கு அம்மா கிடையாது, மிஸ். அது நான் போட்ட சட்டம். அவள் ஒரு தடவைகூட அதை மீறியதில்லை. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். பட்டாசுக்கு இப்படி ஒரு பெண் பிறந்ததே என்று பிள்ளைகள் அவளுக்கு நமுத்த வெடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் அவள் சிரித்துக்கொள்வாள்.

அவளுக்காகத்தான் நான் அந்த வீட்டில் இருந்தேன். அவள் பள்ளிப் படிப்பை முடிக்கட்டும், வெளியூரில் கல்லூரியில் சேர்த்துவிட்டு நானும் கிளம்பிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. மற்ற எதுவும் என் கையில் இல்லை, இது ஒன்றாவது என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொள்வேன். முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். எல்லாம் அடங்கிய பிறகு அவள் அறைக்குப் போய்ப் பார்ப்பேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். அப்பாடா என்று இருக்கும். போர்வையை இழுத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அப்புறம்தான் அழுவேன்.

அந்த வருஷப் பாடப்புத்தகத்தில் ஒரு பழைய நாடகம் இருந்தது. எழுதினவர் மண்ணாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது, பிள்ளைகள் இன்னும் அதை உருப்போடுகிறார்கள். ஒரு கோட்டைத் தளபதி. ஊருக்கெல்லாம் நல்லவன், வழக்கென்றால் அவனிடம்தான் வருவார்கள். தன் மனைவியை மட்டும் கோபுரத்தில் அடைத்துவைப்பான். ஊர் கூடும் நாளில் அவள் மாடத்தில் நின்று சிரித்துக் கையசைக்க வேண்டும். கடைசி அங்கத்தில் அவள் செத்துப்போவாள், தளபதி பக்கம் பக்கமாகப் புலம்புவான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு. எல்லாக் காட்சியிலும் 'குழந்தை நிற்கிறது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். அதற்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

பாடத்தின் முடிவில் பெரிய கேள்வி ஒன்று: தலைவியின் பொறுமையைப் பாராட்டி எழுதுக. எத்தனை வருஷம் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். பொறுமைக்கு நாலு மேற்கோள் காட்டினால் முழு மதிப்பெண்.

நாடகத்தை நான் எழுத்துக்கூட்டி நடத்துகிறவள் இல்லை. கேள்வி நாற்காலி என்று ஒரு முறை வைத்திருந்தேன். என் மர நாற்காலியைக் கரும்பலகைக்கு முன்னால் நடுவில் போடுவோம். அதில் உட்காருகிறவர் அந்தப் பாத்திரமாகவே ஆகிவிட வேண்டும். வகுப்பு கேட்கிற எந்தக் கேள்விக்கும் 'நான்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். நாடகத்தில் இல்லாததைக் கேட்டாலும் யோசித்துச் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. எல்லாச் சட்டமும் நான் போட்டதே. பிள்ளைகளுக்கு இதில் கொண்டாட்டம். முதல்நாள் தளபதியாக உட்கார்ந்தவனைக் கேள்வி கேட்டே அழவைத்துவிட்டார்கள்.

மறுநாள் தலைவியின் முறை. உட்கார வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேறு யார் வருகிறீர்கள் என்றால் ஒருத்தியும் அசையவில்லை.

"அவ சும்மா அழுதுட்டே இருப்பா மிஸ். போர்" என்றாள் ஒருத்தி.

கடைசி வரிசையில் ஒருவன் உண்டு, பெயர் கும்பகர்ணன், எப்போதும் தூக்கம்தான். அன்றைக்கென்று பார்த்து விழித்திருந்தான். "அவ லூசு மிஸ். மூணாவது அங்கத்துல காவக்காரன் தூங்கிட்டான், கதவு தொறந்துதானே கெடக்கு? போக வேண்டியதுதானே? அடி வாங்கறது பிடிச்சிருக்கு போல" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "வாயை மூடுடா" என்று கத்தினேன். "என்ன தெரியும் உனக்கு? நான் உட்கார்றேன். கேளுங்க, எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

கோபம்தான் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது. வேறு பெரிய எண்ணமெல்லாம் கிடையாது. என் மகள் சன்னல் ஓரத்தில் இரண்டாவது வரிசையில் இருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதல் கேள்வி அவனுடையதே. "கதவு தொறந்திருந்துச்சே, ஏன் ஓடலை?"

"கதவு திறந்திருந்தா ஆச்சா? வெறுங்காலோட எங்க போறது? என் செருப்பையெல்லாம் எடுத்துக் கார் டிக்கியில போட்டுப் பூட்டிட்டாரு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. வகுப்பு ஒரு கணம் முழித்தது. அப்புறம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "மிஸ், தளபதிகிட்ட காரா?" என்று ஒருவன் ஸ்டியரிங் பிடிப்பதுபோலக் கையைத் திருப்பினான்.

பக்கம் என்று ஒரு பெண். எதைச் சொன்னாலும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்பாள், அதனால் அந்தப் பெயர். நன்றாகப் படிக்கிற பெண். அவள் சிரிக்கவில்லை, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "செருப்பு எந்தப் பக்கத்துல வருது மிஸ்?"

"ரதம்னு சொல்ல வந்தேன். வாய் குழறிடுச்சு" என்று நானும் சிரித்தேன். "அடுத்த கேள்வி."

எழுந்திருக்க முடியாது, என் சட்டம்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள் தொண்டை கட்டியவள், கரகரத்த குரலில்.

"யார்கிட்ட? ஊரே அவரைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுது. என் அக்காகிட்ட சொல்லலாம். அவ போன் வந்தாலே எடுக்கக் கூடாதுன்னு..." நிறுத்திக்கொண்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்தவன் கையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

பக்கம் புத்தகத்தில் விரலை வைத்தபடி என்னையே பார்த்தாள். அவள் மூக்கில் இருந்தது போன மாசம் என் வீட்டுக்காரர் வளைத்துக் கொடுத்த கண்ணாடி. "அப்ப ஏன் அங்கயே இருந்தீங்க?" என்று கேட்டாள். அவள் தலைவியைக் கேட்கிறாளா என்னைக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் வருஷக்கணக்காகப் பதில் தயாராக இருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"என் பொண்ணுக்காக. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என் மேல விழுந்த ஒரு அடிகூட அவ கண்ணுல படலை, காதுல விழலை. அப்படித்தான் அவளை வளர்த்திருக்கேன். அவ நிம்மதியாத் தூங்கறா. நான் ஏன் இருந்தேன்னு கேக்கறீங்களே, இதுக்குத்தான் இருந்தேன். இது பெரிய விஷயம் இல்லையா?"

பெருமையாகத்தான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பெருமையாகத்தான் சொன்னேன்.

சன்னல் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது.

அந்தக் கை என் வகுப்பில் உயர்ந்து நான் பார்த்ததே இல்லை. "மிஸ்" என்றாள் என் மகள். "அந்தக் குழந்தையையும் நாற்காலியில உட்கார வைக்கலாமா?"

"அதுக்கு வசனமே இல்லையே" என்றாள் பக்கம்.

"இல்லைதான். அதனாலதான் கேக்கறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மணி அடிக்கப்போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். எழுந்து ஒதுங்கினேன். என் மகள் வந்து உட்கார்ந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கரும்பலகையில் சாய்ந்து நின்றேன், முதுகெல்லாம் சுண்ணாம்பு.

"பாப்பா, உன் வயசென்ன?" என்று ஒருவன் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான்.

"நாடகம் ஆரம்பிக்கும்போது சின்னவ. முடியறப்போ உங்க வயசு."

"உங்க அப்பா எப்படி?"

"எனக்குத் தலை பின்னிவிடுவாரு. நல்லாப் பின்னுவாரு. எனக்கு ஜுரம்னா கடைக்கே போக மாட்டாரு." பின்னல் நுனியை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அதனாலதான் கஷ்டமா இருக்கு."

"உங்க அம்மாவுக்கு நடக்கறது உனக்குத் தெரியுமா?" இது பக்கம் கேட்டது.

"தெரியும். அப்பா முதல்ல டிவி சத்தத்தைக் கூட்டுவாரு. செய்தி. அவரு செய்தி பாக்கறவரே இல்லை."

கோட்டைக்குள் டிவி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிரிப்பும் இல்லை. பக்கம் புத்தகத்தை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள், என்னவோ சுட்டுவிட்டதுபோல விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மறுநாள் அம்மா முழுக்கைச் சட்டை போடுவாங்க" என்றாள் என் மகள். "எந்த வெயிலா இருந்தாலும்."

முப்பது சொச்சம் பிள்ளைகளும் என் கையைப் பார்த்தார்கள். அன்று வெளியே கொளுத்தும் வெயில். என் சட்டைக் கை மணிக்கட்டுவரை இருந்தது.

நான் நிறுத்தியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். என் கை தானாகவே சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது, எங்கிருந்து நிறுத்துவது?

"அப்ப நீ என்ன பண்ணுவே?" என்று கடைசி வரிசையிலிருந்து கும்பகர்ணன் கேட்டான். அவன் குரலா அது என்று இருந்தது, அவ்வளவு சின்னதாக வந்தது.

"தூங்கற மாதிரி நடிப்பேன்."

அவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "கண்ணை இறுக்கி மூடக் கூடாது, இறுக்கினா இமை ஆடும், தெரிஞ்சுடும். வாயைக் கொஞ்சமாத் திறந்து வெச்சுக்கணும். மூச்சை வயித்துலேர்ந்து மெதுவா விடணும். அம்மா வந்து போர்வையை இழுத்துவிட்டுப் பாப்பாங்க. நான் தூங்கறேன்னு நல்லாத் தெரிஞ்சப்புறம்தான் கீழ உக்காந்து அழுவாங்க. நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா எங்க அம்மாவுக்கு அழறதுக்குக்கூட இடம் இருக்காது. அதான் நடிச்சேன். நல்லா நடிப்பேன். ஒரு தடவைகூட அவங்க கண்டுபிடிக்கலை."

ஐயோ, என் கண்ணே. வருஷக்கணக்காக நாடகம் நடத்துகிறேன். நடிப்பு என்றால் என்ன என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கற்றுக்கொடுக்கிறேன். என் வீட்டில், என் கைக்கெட்டுகிற கட்டிலில் படுத்துக்கொண்டு நீ நடித்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

"அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றாள் பக்கம்.

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அதுவரை அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்காகத்தான் இருக்கேன்னு சொல்லாதம்மா" என்றாள். "நான் கேக்கவே இல்லையே."

பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மணி அடித்தது. என்றைக்கும் மணி அடித்தால் மாட்டுக்கொட்டகை திறந்த மாதிரி ஓடுகிறவர்கள், அன்று பையைத் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கும்பகர்ணன் மட்டும் என் எதிரில் வந்து நின்றான். "மிஸ், நான் லூசுன்னு சொன்னேன்ல..." என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். என் மகள் நாற்காலியை எடுத்து மேஜைக்குப் பின்னால் அதன் இடத்தில் போட்டாள். நான் அவளை அணைத்துக்கொண்டேன். அவள் முகம் என் தோளில் இருந்தது. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "நேரமாச்சு மிஸ்" என்றாள்.

நேரமாகத்தான் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் பள்ளி வாசலில் அவர் காரோடு நிற்பார். எங்களை ஒருநாளும் பஸ்ஸில் போகவிட்டதில்லை. அதற்கும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். அவர் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, பெற்றோர் ஒருவரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். மைதானத்தைத் தாண்டி நடந்தோம். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், வேப்பமரத்தின் மறைவில் என் மகள் நின்றாள். பையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள், கன்னத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டாள். பழகின கைகள். தினமும் அந்த மரத்தடியில்தான் இதைச் செய்திருக்கிறாள், நான் பக்கத்தில் நின்று பரீட்சைத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் பயந்துபோனாள். என் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

"அப்பா பாக்கறாரு" என்றாள் உதட்டை அசைக்காமல். "சிரிம்மா."

சிரித்தேன்.

காரில் ஏறியதும், "என்ன, இன்னைக்கு என்ன நடத்தினே?" என்று கேட்டார். தினமும் கேட்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் பின் இருக்கையிலிருந்து அவள் முந்திக்கொண்டாள். "நாடகம்பா. செம போர்." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். முன்னாலிருந்த கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை, வெளியே திரும்பிக்கொண்டேன். இனி ஒரு மாசம்கூட இவளை இந்த வீட்டில் வைத்திருந்தால் நான் தாயே இல்லை என்று நினைத்தேன்.

பிள்ளைகள் யாரும் வெளியே மூச்சுவிடவில்லை. வகுப்பில் போட்ட தும்மலைக்கூட ஊருக்குச் சொல்கிற கூட்டம் அது, எப்படித்தான் அடக்கிக்கொண்டார்களோ. மறுநாள் பக்கம் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் விரிசல், கம்பியில் பிளாஸ்திரி. கரும்பலகையில் எழுதியது அவளுக்குத் தெரியவில்லை, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். புதுசு எங்கே என்று நான் கேட்கவில்லை. எழுத்தைப் பெரிதாக எழுதினேன்.

அந்த மாசம் முடிவதற்குள் கிளம்பிவிட்டோம். தலைமையாசிரியை அறையிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிறேன், திட்டுவாள் என்று நினைத்தேன். "வா" என்றாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வழியாக, நடு மத்தியானத்தில், போட்டிருந்த துணியோடு பஸ் ஏறினோம். அப்புறம் வக்கீல், போலீஸ், அவர் அழுதது, ஊர் அவரைப் பார்த்து இரக்கப்பட்டது, எல்லாம் உண்டு. அதையெல்லாம் சொல்ல இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறோம். இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. டிவி வாங்கவில்லை. என் மகள் இப்போது கொஞ்சம் பேசுகிறாள், பெரியம்மாவோடு வம்புக்கு நிற்கிறாள், எதிர்த்துக்கூடப் பேசுகிறாள். அவள் என்னிடம் ஒரு தடவை கோபமாகக் கத்தினாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் கொஞ்சம் படுப்பாள். நான் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாள் திருத்துவேன். வெளிச்சம் அவள் முகத்தில் விழும். இமை ஆடுவதில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மூச்சு வயிற்றிலிருந்து மெதுவாக வருகிறது. பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூங்குகிறாளா, எனக்காகத் தூங்குகிறாளா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.